பரவாயில்லை என்கிற மனிதர்

தம்பிக்கு,

இலவச வைத்தியம் இந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்று கிறிஸ்துமஸ் விருந்தில் நீயும் உன் அத்தானும் கத்தியதோடு உங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. எனக்கு இன்னும் அலுப்பாக இருக்கிறது.

அத்தான் மாதக்கணக்கில் காத்திருந்து, கை ஆபரேஷனுக்காக டாக்டரைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

உயிர் போகிற வலியிலும் குறை சொல்லாத ஊர், ஷெஃபீல்ட்காரர் வேறென்ன சொல்வார்? அவசரமில்லை என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

"என்னைவிட முடியாதவங்க இருக்காங்க, விடு."

நீங்கள் இருவரும் ஆடிய பழைய வீடியோ கேமை மட்டும் அவர் விடவில்லை. விரல் மடங்காததால், விழும் கட்டைகளை முழங்கையால் நகர்த்தித் தோற்கிறார். உன் கன்ட்ரோலரும் செருகியபடியே கிடக்கிறது. கழற்றட்டுமா என்று கேட்டேன்.

"பரவாயில்ல, இருக்கட்டும்."

டாக்டருக்குத்தான் புரியவில்லை. உனக்குமா?

உன் அக்கா