ஹார்னை அழுத்தாத கை

அன்பு மச்சானுக்கு,

போன வாரம் நம் மலையூர் ஒண்டிக்கடை நிறுத்தத்தில், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் ஒரு குரங்கோடு சண்டை போட்டேன். என் போண்டாப் பொட்டலத்தை அது இழுத்தது, நானும் இழுத்தேன். அது பல்லைக் காட்டியது, நானும் காட்டினேன். கடைசியில் போண்டா ரோட்டில் உருண்டது.

உங்கள் மருமகள் கோமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, குரங்குகூட ஒரு நொடி யோசிச்சுதுங்க. நீங்கதான் யோசிக்கவே இல்லீங்க."

மூளையைப் பற்றி மேற்படிப்புப் படிக்க அவளுக்கு டெல்லியில் இடம் கிடைத்திருக்கிறது, மச்சான். என் சம்மதத்துக்குத்தான் காத்திருந்தாள். உங்கள் தங்கையும் காலமாகிவிட்ட வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

நடந்துகொண்டே விளக்கினாள். பிடுங்கு, கடி, ஓடு என்பதெல்லாம் மூளையின் ஆதிகாலத்து வேலையாம், தவளைக்கும் உண்டாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி பிற்பாடு மெல்ல மெல்லப் பெருத்ததாம். "கொஞ்சம் பொறு" என்று சொல்வது அதன் வேலையாம். பத்தாவதில் தவறியவனுக்கு இவ்வளவுதான் ஏறியது.

"நாம முடிவு பண்றதுக்கு முன்னாலயே மூளை கிளம்பிருதுன்னு சிலபேரு சொல்றாங்கப்பா."

"அப்பறம் நான் எதுக்கு கண்ணு? மண்டையச் சொமக்கறதுக்கா?"

"அதுலதான் இன்னும் சண்டை நடக்குதுங்க. ஆனா கிளம்புனத நிறுத்த முடியுதுல்லங்க?"

உடனே உங்கள் ஞாபகம் வந்தது. சேலம் பஸ்ஸை நீங்கள் ஓட்டி வந்தபோது, கொண்டை ஊசி வளைவில் ஒரு காட்டெருமைக் கன்று நடுரோட்டில் நின்றதே. "ஹார்ன அடிங்க மச்சான்" என்று முன்சீட்டிலிருந்து கத்தியவன் நான்தான். பின்னால் பஸ்ஸே கத்தியது. உங்கள் கை ஹார்ன் வரை போய், அப்படியே நின்றது. பிறகு இன்ஜினை அணைத்தது. அதற்கப்புறம்தான் புதருக்குள் தாய் எருமை நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

"கத்தறதுக்கு நீங்க இருக்கறீங்க மாப்ள, ஓட்டறத நான் பாத்துக்கறனுங்க" என்றீர்கள்.

அந்தக் கையை நிறுத்தியது நீங்களா, உங்கள் மூளையா? இரண்டும் வேறு வேறா? கோமதிக்கும் தெரியவில்லை. எதுவானாலும், அத்தனை கூச்சலில் அப்படி நின்ற கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேற்றுக் கேட்டேவிட்டாள். "போகட்டுங்களாப்பா? நீங்க வேண்டாம்னா போகலீங்க."

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "நொம்ப சந்தோசம் சாமி, போய்ப் படி" என்றேன்.

அவளை ரயிலேற்றும்போதும் இப்படியே நிற்பேன், மச்சான். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவளிடம் சொல்லாமல் விழுங்கியதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்:

"போகாத கண்ணு."

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
செல்வராசு