மயில்நீல வேஸ்ட் துணி

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. மகள் கவிதா வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில், சுத்த இரும்பில் கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அளக்கிறார்கள். ஆசிடில் கரைத்து, இரும்பைப் பிரித்து எடுத்துவிட்டு, மிஞ்சுகிற துளியை அளக்க வேண்டும். இந்த வாரம் செம்பு அதிகமாக வந்துவிட்டதாம். பழி அவள்மேல். நாளை மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை இல்லை.

மாலை அவளை அழைத்துவரப் போனேன். சோதனைக்காக ஆசிடில் கழுவி வைத்திருந்த இரும்புத் துண்டை முதலாளி எடுத்து, என்னிடம் பேசிக்கொண்டே மயில்நீலப் பனியன் வேஸ்டால், அதாவது பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியால், ஈரம் துடைத்தார்!

"அந்தச் சாயத்துலயே செம்பு இருக்குதுங்க," என்றேன், பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில்.

"ஏனுங்க சார், திருப்பூரே இதுலதானுங்க துடைக்குது! பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் இங்க வேண்டாமுங்க," என்று சிரித்தார்.

புளிக் கையைப் பாலில் விட்டுவிட்டு, பால் திரிந்ததற்கு மாட்டை அடிப்பதா?

வரும் வழியில் கவிதா, "உடுங்கப்பா, எழுதிக் குடுத்துடறேன்," என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணாடியைத் துடைக்க மேசையைத் துழாவினேன். வீட்டிலும் அதே நீல வேஸ்ட். எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். நாளை இதை ஆசிடில் ஊறப்போட்டு, இறங்கும் செம்பை அந்த முதலாளியையே அளக்கச் சொல்லப் போகிறேன். அதுவரை அவள் எதையும் எழுத வேண்டாம்.