கம்சாதான் ஞானத்தாய்

முல்லைத்தீவு,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

அன்புள்ள மகன் மெல்ரொனுக்கு,

நீயும் மருமகளும் பேரனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவு, எனக்குச் சீனி வியாதி, மற்றபடி குறையில்லை. நீ கடைசியாகத் தொலைபேசியில் சொன்னதற்கு இது என் பதில். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவணியில் வந்து நம் கோயிலில் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுப்போம், தங்கச்சி கம்சாதான் ஞானத்தாய், அவள்தான் பிள்ளையை ஏந்தவேண்டும் என்று ஆசையாகச் சொன்னவன் நீ. கம்சாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று, அவள் சம்மதத்தோடு, அம்மா சொன்ன உடனே உன் குரல் மாறிவிட்டது. வேறை ஆளைப் பாருங்கோ, நாங்கள் நிக்கிற நாளில அவளைப் பின்கொட்டிலில நுளம்பு வலைக்குள்ள படுக்க விடுங்கோ, இல்லாட்டி நீங்கள் எனக்கு அப்பா இல்லை என்றாய். பாரிசில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறாய். கம்சா பக்கத்தில்தான் நின்றாள், நீ சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டது. அண்ணா சொல்லுறதும் சரிதானே அப்பா, நான் விலத்தி நிக்கிறன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் விலகி நிற்கத் தேவையில்லை. நான் விடவும் மாட்டேன்.

உன் நுளம்புப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வன்னியில் மலேரியாவில் கிடந்து நடுங்கியவர்கள் நாம், ஒருவரிடம் எடுத்து மற்றவரிடம் கொடுப்பது நுளம்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள். மலேரியாவுக்கு அது உண்மை. அந்தக் கிருமி நுளம்பின் உடம்பிலேயே பெருகி, அதன் எச்சிலோடு நமக்குள் வரும். எச்.ஐ.வி. நுளம்புக்குள் பெருகாது, செத்துப்போகும், ஒருவரின் இரத்தத்தைக் கொண்டுபோய் இன்னொருவருக்குள் நுளம்பு விடுவதுமில்லை. இதை நான் சொன்னபோது கம்சா சிரித்துவிட்டு, நுளம்பு என்னை விட்டிட்டு உங்களட்டத்தானே வருது அப்பா, சீனிக்காரன்ர ரத்தம் நல்ல ருசி போல என்றாள். உன் தொலைபேசிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீயும் கூச்சப்படாமல் வாசி. எச்.ஐ.வி. பரவுவது ஆணுறை இல்லாத உடலுறவால், தொற்றுள்ள இரத்தத்தால், ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்துவதால், மருந்து எடுக்காத தாயிடமிருந்து வயிற்றிலோ பிரசவத்திலோ பாலிலோ பிள்ளைக்கு. தொடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் கன்னத்தில் கொஞ்சுவதாலும் பரவாது. ஒரே கோப்பை, ஒரே கிணறு, ஒரே கக்கூசு, இருமல், வியர்வை, கண்ணீர் எதனாலும் பரவாது. செத்துப்போன மருமகன் றெஜிக்கு எங்கே தொற்றியது என்று தோண்டுவது என் வேலையில்லை. இவள் செய்தது அவனுக்கு மனைவியாக இருந்தது மட்டுந்தான். தினமும் மருந்து எடுக்கிறாள். இப்போது இரத்தத்தைச் சோதித்தால் கிருமி பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அப்படியே இருக்கும்வரை உடலுறவால்கூடப் பரவாது என்றார் டொக்டர். ஒரே வீட்டில் உண்டு உறங்கும் எனக்கும் சோதிக்கச் சொல்லிக் கையை நீட்டினேன், உங்களுக்கு ஏன் ஐயா என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

படித்த நீயே இப்படியென்றால் உன் கிறகோரி பெரியப்பாவை என்ன சொல்ல. போன மாதம் அவர் வீட்டுச் செபத்துக்குப் போனோம். எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி, கம்சாவுக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. குறை நினையாதை தம்பி, பிள்ளையள் இருக்கிற வீடு என்றார். அவள் பாதி குடித்து வைத்ததை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நான் குடித்து முடித்தேன். என் சொந்த அண்ணன். முள்ளிவாய்க்காலில் அவருடைய காலில் வழிந்த இரத்தத்தை வெறுங்கையால் பொத்திக் கட்டியவன் நான், அவர் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் ஒரே தண்ணிக் கானில் வாய்வைத்துக் குடித்தார்கள். அன்று யாருக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. நான் இதை மறக்கப்போவதில்லை, மன்னிக்கச் சொல்லிச் சுவாமியார் வந்தாலும் யோசித்துத்தான் சொல்வேன்.

ஆகவே கேள். ஞானஸ்நானம் இங்கே நடந்தால் பிள்ளையை ஏந்துபவள் கம்சா. அவள் முன்னறையில்தான் படுப்பாள். நுளம்பு வலை வேண்டுமென்றால் பிள்ளைக்குக் கட்டு, இங்கே டெங்கு இருக்கிறது. சம்மதமில்லையென்றால் பாரிசிலேயே ஒரு கோயிலைப் பார்த்துக்கொள், நான் கெஞ்ச மாட்டேன். அம்மா உனக்காக இறால் காயவைக்கிறாள், நீ வராவிட்டால் அதை நாங்கள் மூவரும் ஒரே சட்டியில் சாப்பிடுவோம்.

குளிருக்குப் பிள்ளையின் காதை மூடி வை. மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர், உனக்கும்தான். டொக்டர் சொன்னதில் சந்தேகமென்றால் அங்கேயுள்ள டொக்டரைக் கேள், சொந்தக்காரரைக் கேட்காதே.

வழக்கமாக இந்த இடத்தில் அன்புள்ள அப்பா என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். அப்பா இல்லை என்று சொன்னவன் நீ, அதனால் வெறுமையாகவே விட்டுத் தபாலில் போடுகிறேன். வரும்போது இதைக் கையோடு கொண்டுவா. கம்சா உன் பிள்ளையை ஏந்தி நிற்கட்டும், அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்கிறேன்.