உறவுமுறை என்ற கட்டம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணியின் முட்டிவலி குறைந்ததா? நம் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் வாரம் இரண்டு நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். பழைய பதிவேடுகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றாயே, ஒரு பக்கம்கூட நனையவில்லை. தாத்தாவின் திருமணப் பதிவும் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவும் கிடைத்துவிட்டன. அடுத்தது இறப்புப் பதிவேடுகள்.

உன் வாயாடி

ஜூன் 14

வாயாடிக்கு,

அண்ணி இப்போது மாடிப்படி ஏறுகிறாள். அந்தத் தூசியில் உட்கார்ந்தால் உனக்கு இழுப்பு வரும். கல்யாணப் பதிவோடு நிறுத்திக்கொள். செத்தவர்கள் பட்டியலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? வெள்ளம் என்று யாரோ சொன்னார்கள். நான் அந்தக் கட்டடத்தில் கால்கூட வைத்ததில்லை, சத்தியமாக.

அண்ணன்

ஜூன் 25

அண்ணாவுக்கு,

சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது மட்டும்தான் நீ சத்தியம் செய்வாய்.

ஒவ்வொரு பதிவேட்டின் உள்ளட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். எடுத்துப் பார்ப்பவர் தேதி, தேடும் பதிவு, உறவுமுறை எழுதிக் கையெழுத்திட வேண்டும். காப்பாளர் சிரித்தார். "உங்க வீட்டு ஆளுங்களுக்கு இந்தப் புத்தகத்து மேல அப்படி என்னம்மா ஆசை? ஏற்கெனவே ஒருத்தர் மூணு நாள் இதையே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு." உன் கையெழுத்து. பதினொரு வருடத்துக்கு முன், அம்மா போன மறுமாதம். உறவுமுறை: அண்ணன்.

நம் குடும்பப் பெயரில் மூன்று இறப்புகளை எதிர்பார்த்தேன். நான்கு இருந்தன. நான்காவதில் என் பெயர், என் பிறந்த தேதி, நம் அப்பா அம்மா. வயது ஒன்பது நாள்.

இத்தனை வருடம் நான் காட்டிவந்த பிறப்புச் சான்றிதழ் யாருடையது? என் உறவுமுறையைக் கேட்டார் காப்பாளர். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

நான்

ஜூலை 9

வாயாடிக்கு,

பாப்பா பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. பாப்பா போன பிறகு அம்மா தொட்டிலைக் கழற்ற விடவில்லை. இறப்பைப் பதிய அப்பா மட்டும் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தார். அடுத்த வாரம் ஒரு நர்ஸ், ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி உன்னைக் கொண்டுவந்தார். "இவ பேரும் அதேதான். யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றாள் அம்மா. யாரும் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு அங்கே போய், அந்தப் பதிவேட்டை வேறெங்காவது தூக்கி வைக்க முடியுமா என்று காப்பாளரிடம் கேட்டேன். திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உன் கண்ணில் பட்டால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று பயம்.

உன்னைப் பெற்றவள் யாரென்று எனக்குத் தெரியாது, சத்தியமாக.

அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

இன்று போய் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். நீ எழுதிய 'அண்ணன்' என்பதற்கு நேர்கீழே 'தங்கை' என்று எழுதினேன். காப்பாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஒன்பது நாள் குழந்தைக்கு நீங்க தங்கச்சியாம்மா?"

"ஆமா. அவதான் மூத்தவ."

அந்த நர்ஸின் பெயரை எழுது. உண்மையிலேயே தெரியாதென்றால், தெரியாது என்று மட்டும் எழுது. சத்தியம் வேண்டாம்.

உன் இரண்டாவது தங்கை