உப்புக் காற்று இல்லாத ஊர்

7.6.1964, ஞாயிறு

உழவு மிசின், புது ட்ராக்டர், இன்று என் முறைக்கு வந்தது. ஒரு கிழமை எனக்கு, மறு கிழமை இளையதம்பிக்கு. இருவரும் சரிபாதி போட்டு வாங்கியது. மாங்குளம் ஸ்ரேசனில் இறக்கி இன்னும் பெயின்ற் மணம் போகவில்லை. பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பழைய சீலையால் துடைத்து, ஆணி மூட்டுகளுக்கு மெல்லிசாகக் கிறீஸ் பூசி, பற்றறி முனைகளுக்கு வாஸ்லின் வைத்தேன். வாஸ்லின் ஜெகதீஸ்வரியினுடையது. "என்ர கால் வெடிச்சுப் போய்க் கிடக்குது. நீங்கள் மிசினுக்குப் பூசுங்கோ" என்றாள். பூசினேன். பெண்சாதி சொல்லைத் தட்டலாமா?

ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். தீவில் நான் ஓட்டிய பஸ்ஸைக் கடற்காற்று தின்றதைக் கண்டவன் நான். ஒருநாள் பொனற்றைத் தூக்கினேன், பிணைச்சல் கையோடு வந்தது. காடு வெட்டிக் குடியேற வந்த மற்றவர்கள் நிலம் கிடைத்தது என்று சந்தோசப்பட்டார்கள். எனக்கு உப்புக் காற்று இல்லாத ஊர் கிடைத்ததே பெரிய காரியம்.

இளையதம்பியும் எங்கள் தீவுதான். ஒரே லொறியில் வந்து இறங்கினோம். முதல் வருசம் எனக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டு ஒட்டுசுட்டான் ரோட்டு வரை சுமந்து போனவன். மிசின் வாங்கின அன்று அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன் — கடல் பக்கம் கொண்டு போகாதே. "இதென்ன கதை அண்ணை, கடலில ஆர் உழுறது?" என்று சிரித்தான்.

14.6.1964

மிசினைக் கொடுத்தேன். துடைத்துத்தான் கொடுத்தேன்.

17.6.1964, புதன்

இளையதம்பி வீட்டிலிருந்து பாரை மீன் அனுப்பியிருந்தார்கள். ஜெகதீஸ்வரி புளி விட்டுக் குழம்பு வைத்தாள். நான் இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன். நல்ல மனுசர்.

21.6.1964, ஞாயிறு

மிசின் வந்தது. வெளியே பளபளவென்று கழுவியிருக்கிறான். பொனற்றைத் திறந்தால் பற்றறியைச் சுற்றி வெள்ளைத் தூள், வயர் முனைகளில் பச்சை, இரண்டு ஆணிகளில் செந்துருவாய்க் கறள். புது மிசின்!

இளையதம்பி பக்கத்தில் குந்தியிருந்து என்னோடு சேர்ந்து சுரண்டினான். "உர மூட்டை ஏத்தினனாங்கள் அண்ணை, அந்தத் தூளோ தெரியாது." இருக்கலாம். உரமும் இரும்பைத் தின்னும். இனி உரத்தை மாட்டு வண்டியில் ஏற்றுவோம் என்றேன். உடனே ஓம் என்றான்.

5.7.1964, ஞாயிறு

மறுபடியும். இந்த முறை உரமும் இல்லை. எங்கே பிழை விடுகிறேன்? கிறீஸ் சரியில்லையா? பற்றறித் தண்ணீர் கூடி வழிகிறதா? இளையதம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அக்காவின்ர கோழியள் உதுக்கு மேலதானே படுக்குது. எச்சமாயிருக்குமோ?" என்றான். பார்த்தேன், கோழி படுக்கிறது உண்மைதான்.

வீட்டில் சத்தம் போட்டேன். கோழியா, மிசினா என்று கேட்டேன். ஜெகதீஸ்வரி ஒரு சொல் பேசாமல் கோழிகளைப் பிடித்துப் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டாள். முட்டைக்காரி அவள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன்.

15.7.1964

இளையதம்பி வீட்டிலிருந்து திரளி மீன். பால் விட்டு வெள்ளைக் கறி. தீவில் சாப்பிட்டதைப் போலவே இருந்தது.

19.7.1964, ஞாயிறு

கோழியும் இல்லை, உரமும் இல்லை. வெள்ளைத் தூள் மட்டும் இருக்கிறது. றேடியேற்றருக்குப் பின்னால் காய்ந்த புல்லு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தேன். சாதாளை. கடலில் மிதக்கிற சாதாளை. தூளைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

இளையதம்பி வாசல் படலையடியில் நின்றான். கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயோ அண்ணை, நான் ஏன் அங்கால போறன்? வற்றாப்பளை அம்மாளாணை, போகேல்லை." அம்மாள் மேல் ஆணை. அதற்கு மேல் என்ன கேட்பது? கேட்டதற்கே வெட்கமாகிவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். குடித்துவிட்டுப் போனான்.

சாதாளை வானத்திலிருந்து விழுந்ததாக்கும்.

30.7.1964, வியாழன்

எழுத்து கோணலாய் வருகுது. வரட்டும்.

வயர் வாங்க பஸ் எடுத்து முல்லைத்தீவுக்குப் போனேன். மிசின் இந்தக் கிழமை அவனிடம். மாங்குளத்தில் உழவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போயிருந்தான். கடையில் வயர் இல்லை, சாமான் லொறி மத்தியானம்தான் வரும் என்றார்கள். கரைப்பக்கம் சத்தமாக இருந்தது. போனேன். ஏன்தான் போனேனோ.

கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றின் நுனியில் என் மிசின். பின்சில்லு பாதி தண்ணீருக்குள். அலை வந்து பொனற்றில் அடிக்க அடிக்க, சனம் கூக்குரல் போடுகிறது. சீற்றில் எழும்பி நிற்கிறான் இளையதம்பி. சேட்டும் இல்லை. இத்தனை வருசத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பக்கத்தில் நின்ற, நஜீம் என்ற மீன் யாவாரி என்னை ஆர் என்று தெரியாமல், "பாத்தீங்களா, இருவது ஆள் இழுக்கிறதை ஒத்தை மிசின் இழுக்குது! கிழமை விட்டுக் கிழமை வருவார். ராசா மாதிரி மனுசன்" என்றார். நான் ஓம் என்றேன்.

அவன் என்னைக் காணவில்லை. வயரும் வாங்காமல் பஸ் ஏறினேன்.

அம்மாளாணை எண்டானே. என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சொன்னானே!

31.7.1964

ஜெகதீஸ்வரியிடம் சொன்னேன். அவள் அரிவாளை நிறுத்தாமல் வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் விளங்கியது.

"உனக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும். உங்களுக்குச் சொல்ல ஆருக்குத் துணிவு?"

"எப்ப தொடக்கம்?"

"முதல் பாரை வந்த நாள் தொடக்கம். இந்தக் காட்டுக்க கண் வெளுக்காத மீன் எங்கயிருந்து வருகுதெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே? நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடு எண்டனீங்கள். போட்டன்."

கோழிகளை ஏன் பேசாமல் கொடுத்தாள் என்பதும் இப்போது தெரிகிறது. குற்றம் செய்யாத கோழிகள்.

இரண்டு பேரும். ஒருத்தி சோற்றைப் போட்டாள், ஒருத்தன் கறளைச் சுரண்டினான். நடுவில் நான் — குழம்பை வழித்து நக்கின மடையன்.

2.8.1964, ஞாயிறு

மிசின் வந்தது. நான் பொனற்றைத் திறக்கவில்லை. "வியாழக்கிழமை நான் முல்லைத்தீவில நிண்டனான்" என்றேன். அவன் முகம் செத்துப் போய்விட்டது.

"கேட்டா விட்டிருப்பியளே அண்ணை?"

"விட்டிருக்கமாட்டன்."

"அதுதான்."

பிறகு அவனே சொன்னான். "எனக்கு இந்தக் காட்டுக்க மூச்சு முட்டுது. கடல் இல்லாம ஏலாமக் கிடக்கு."

"அப்ப பஸ்ஸில போய்ப் பாரன். மிசின் என்னத்துக்கு?"

"சும்மா போனா அங்க என்னை ஆர் கூப்பிடுறது? மிசினோட போனாத்தான் நானும் ஒரு ஆள்."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "நீ கொண்டு போனதை விடு. பொய்ச் சத்தியத்தையும் விடு, அது உனக்கும் அம்மாளுக்கும். ஆனா என்னோட குந்தியிருந்து அந்த உப்பைச் சுரண்டினியே! உரமோ, கோழியோ எண்டு என்னட்டயே கேட்டியே! உனக்கு உள்ளுக்க சிரிப்பு வரேல்லையோ?"

"சிரிப்பு வரேல்லை அண்ணை" என்றான். அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

9.8.1964

மிசினை விற்றால் இருவருக்கும் உழவில்லை. பிரிக்கவும் முடியாது. இரண்டு வயலுக்கும் நடுவிலுள்ள வாய்க்கால் மதகடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். இனி அங்கேதான் மாற்றிக்கொள்வோம்.

26.8.1964

வீட்டில் மீன் இல்லை. கேட்கவுமில்லை. பருப்பும் முருங்கையிலையும்.

14.10.1964, புதன்

பயந்தது நடந்தது. முதல் மழை விழுந்து நிலம் பதமாகக் கிடக்கிறது, மிசின் ஸ்ராட் எடுக்கவில்லை. ஸ்ராட்டருக்குப் போகிற வயரை வெட்டிப் பார்த்தேன். உறைக்குள்ளே செம்பு பச்சையாகி மாவாகக் கொட்டியது. மேலே நான் பூசிய கிறீஸ் மினுங்குகிறது! உள்ளே எப்போதோ போயிருக்கிறது. இந்தப் பதம் தவறினால் காலபோக விதைப்புத் தவறும். அவனுக்கும்தான், எனக்கும்தான். அவனுடைய வயலைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். வயல் என்ன செய்யும்?

16.10.1964, வெள்ளி

விடிய எழும்பினால் மிசினடியில் இளையதம்பி. மிசின் ஓடாத கதை கேட்டு, ரயிலில் வவுனியாவுக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்திருக்கிறான். பழைய வயரைக் கழற்றினான், நான் ஆணி கழற்றுகிற சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஸ்ராட் எடுத்தது. ஜெகதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாங்காமல் போய்விட்டான்.

விதைத்துவிடுவோம். இருவரும்.

22.11.1964, ஞாயிறு

இரண்டு வயலும் பச்சை பிடித்துவிட்டது. இன்று மழை. மிசினை மதகடியில் விடாமல் இளையதம்பி எங்கள் கொட்டிலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

பொனற்றைத் திறந்தேன். என்னை விட நன்றாகத் துடைத்திருக்கிறான். ஆணிக்கு ஆணி கிறீஸ், பற்றறி முனையில் வாஸ்லின், வயருக்கு மேலே சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறான். ஒரு சொட்டுக் கறள் இல்லை.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் எத்தினை நாளைக்கு அண்ணை இப்பிடிப் பாப்பியள்?"

"தெரியேல்லை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

தலையை ஆட்டினான். நனைந்துகொண்டு போனான். உப்பு இல்லை. அவன் படலை தாண்டும்வரை நின்றுவிட்டு, மற்றப் பக்கமும் தொட்டுப் பார்த்தேன்.