சிவப்பு நூலில் ஒரு கு

பாச்சாங், மலாக்கா
14.9.1952

அன்பு மகன் குலம் அறிவதற்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, லண்டன் குளிரில் உனக்கு இருமல் வராமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

உன் பழைய காக்கிச் சட்டையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதே. எங்கள் மாதர் சங்கத்தார் சேர்ந்து இங்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய உடுப்புக் கடை ஒன்று திறந்திருக்கிறோம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று தோட்டத்து லயங்களைக் கம்பி வேலிக்குள் பெயர்த்து வைத்தார்களே, வருகிற வரும்படி அந்தச் சனங்களின் மருந்துக்கும் பிள்ளைகளின் பாலுக்கும் போகும். என் பங்குக்கு உன் அலமாரியைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துக் கேடட் படையில் நீ போட்ட சட்டை இஸ்திரி மடிப்போடு அப்படியே இருந்தது, கொடுக்க மனம் வரவில்லைதான், பூச்சி தின்பதைவிட ஒரு மனிதன் போடட்டும் என்று கொண்டுபோனேன். திறந்த அன்று வந்தவர்களில் பாதிப்பேர் ஒன்றையும் தொடவில்லை, செத்தவர்களின் உடுப்பென்று பயம். பத்து பெரண்டாம் ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்து வேலாயி மட்டும் உன் சட்டையை எடுத்து, இது உசிரோட இருக்கிறவங்க சட்டைதானேம்மா என்று கேட்டாள். என் மகனுடையது, லண்டனில் படிக்கிறான் என்றேன். புருசன் அங்கமுத்துவுக்கென்று வாங்கிப்போனாள். இந்த அவசர காலத்தில் தோட்டத்தில் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டுகிற ஒருவன் காக்கி போட்டால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற படித்த பெண்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மூன்றாம் நாள் தோட்டத்து வாசல் கேட்டில் போலீஸ்காரர்கள் அங்கமுத்துவைப் பிடித்துவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்கள் போடுவது காக்கி, போதாக்குறைக்குக் கழுத்துப்பட்டியின் உள்ளே சிவப்பு நூலில் கு என்று இருக்கிறது. டோபி துணியை மாற்றிக் கொண்டுவருகிறான் என்று உன் பேரின் முதல் எழுத்தை நான் தைத்து வைப்பேனே, அதுதான். உன் பேர் அங்கமுத்து, கு யார், காட்டில் யாருக்குச் சட்டை கொண்டுபோகிறாய் என்று கேட்டால் அந்தப் பாவம் என்ன சொல்லும். வேலாயி கைப்பிள்ளையோடு கடைக்கு ஓடிவந்து, இங்கேயே பொறந்தவரும்மா, கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களாம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னால், நமக்கேன் இந்த வம்பு, பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது என்றார். நான் சண்டை போடவில்லை, எழுத்துத் தைத்த தலையணை உறை, உன் பனியன், அவர் வேட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்கினேன். இங்கிலீஷ் தெரியாமல் போய் என்ன பேசப்போகிறாய் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைக்கார அதிகாரி, நான் பத்துச் சொன்னால் அப்பா பயந்து பயந்து இங்கிலீஷில் இரண்டு சொன்னார். இந்த மூட்டை யாருடையதாகவும் இருக்கலாம், அப்படி ஒரு மகன் இருந்தால் அவன் கடிதத்தைக் காட்டு என்றாராம் அதிகாரி. உன் கடைசிக் கடிதம் எப்போதும் என் கைப்பையில் இருக்கும், எடுத்துக் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், அப்பாவின் முகம் கறுத்துப்போனது. ஏழு மாதமாகிறதே, அந்த மகன் இப்போது உயிரோடு இருக்கிறானா என்று கேட்டிருக்கிறார், வெளியே வந்த பிறகுதான் அப்பா எனக்குச் சொன்னார். அங்கே அவர் கோட்டைக் கழற்றி, டையை அவிழ்த்து, அந்த அதிகாரிக்கு முன்னால் தலையைக் குனிந்து, போட்டிருந்த சட்டையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். வெளுத்துப்போன சிவப்பில் க. என் மனைவி எங்கள் எல்லோருக்கும் தைக்கிறாள், வேண்டுமானால் கனகரட்ணம் என்று என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். உன் அப்பா யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை மகன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அங்கமுத்துவை விட்டுவிட்டார்கள். வேலாயி சட்டைக்கு நீலச் சாயம் போட்டிருக்கிறாள். அந்த எழுத்தைப் பிரித்துவிடடி என்றால் மாட்டேன் என்கிறாள், துணையா இருக்கட்டும்மா, தம்பி நல்லா இருக்காரா என்று கேட்டாள். நல்லா இருக்கிறான் என்றேன், தெரிந்தவள்போலத்தான் சொன்னேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து நல்லபடி வந்து சேர வேண்டும் ராசா. விலாசம் எழுதிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். எழுத நேரமில்லையென்றால் கு என்று ஒரே எழுத்தை எழுதியாவது போடு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
யோகம்