தேயிலைப் பெட்டியில் எரு

1943 பெப். 16, செவ்வாய்
வெயில் கொளுத்துகிறது. குழாயில் தண்ணீர் காலையில் மட்டும். தேயிலைப் பெட்டியில் சமையலறைக் கழிவு போடத் தொடங்கி இன்று மூன்று கிழமை. கொட்டாஞ்சேனையில், ஆறடி முற்றத்தில் எரு! மச்சாளுக்கு, அதாவது இவருடைய அக்காவுக்கு, இன்னும் சிரிப்பு. சிரிக்கட்டும். சண்டைக் காலத்தில் மரக்கறி விலை கேட்கவே பயம். எருவிருந்தால் தகரத்தில் நாலு கத்தரிக்கன்றாவது வைக்கலாம்.

நடுவில் கம்பியைக் குத்தி வைத்து, சோறு வடித்தபின் இழுத்துப் பார்த்தேன். கையில் பிடிக்க முடியாத சூடு! நெருப்பும் இல்லை, வெயிலும் படுவதில்லை. எங்கிருந்து வருகிறது? இவர் இருந்தால் ஏதாவது கதை விடுவார்.

வாழைப்பழத் தோல் – நாலு நாளில் காணோம்.
முருங்கைக்காய் – நார் மட்டும்.
முட்டைக்கோது – அசையவேயில்லை.

பெப். 18, வியாழன்
நாற்றம். பக்கத்து வீட்டு நோனா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொகத மே கந்த?" என்றாள், இது என்ன நாற்றம் என்று சிங்களத்தில். மச்சாளின் சிரிப்பும் நின்றது.

"பிலோ, இறால் கோதும் போட்டனீரோ?"

ஓம், போட்டேன். பிழிந்த தேங்காய்ப்பூவும். பிழை என்னுடையதுதான். கிளறினால் சொதசொத என்று ஈரம். காய்ந்தது எதையாவது கலக்கவேண்டும்.

பெப். 19, வெள்ளி
அடுப்படியில் சுளகில் கிடந்த காய்ந்த இலை தழை எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிக் கிளறினேன். மேலே சாம்பல். பின்னேரமே நாற்றம் பாதி. இன்று சூடை மீன் குழம்பு. தலைகள் பூனைக்கு, பெட்டிக்கு இல்லவே இல்லை.

பெப். 24, புதன்
நாற்றம் போயே போச்சு. நோனா எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்தாமலே போனாள். வெற்றிதான். ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். மழை விழுந்த மண்ணின் வாசம்.

இவரிடமிருந்து கடிதம் இல்லை. நவம்பரில் பம்பாயிலிருந்து வந்ததுதான் கடைசி. இந்த நேரத்தில் கப்பலில் கிளாக்கர் வேலை வேண்டாமென்று எத்தனை தரம் சொன்னேன். கேட்டால்தானே.

மார்ச் 2, செவ்வாய்
வீடு தலைகீழ். தபசுகாலம் வருகிறது. போன வருஷக் குருத்தோலைகளை விபூதிப் புதன் சாம்பலுக்காகக் கோவிலில் கொடுக்கும் நேரம். மச்சாள் இவர் பின்னிய ஓலைச் சிலுவையைத் தேடுகிறார். திருஇருதயப் படம் துடைக்கும்போது கழற்றிச் சுளகில் வைத்தாராம். எந்தச் சுளகு என்று நான் கேட்கவில்லை. அள்ளிப் பெட்டியில் கொட்டியதைச் சொல்லிவிட்டேன்.

"அதை நான் இந்த முறை கோவிலுக்கும் குடுக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். தம்பி வந்து தன்ர கையால குடுக்கட்டும் எண்டு. நீர் அதைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டிட்டீரே!"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. செபமாலையும் கையுமாய்க் கதிரையில் இருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது என்னுடைய ஓலையும்தானே.

விடிந்ததும் பெட்டியைக் கவிழ்க்கவேண்டும். பதினொரு நாள்! அந்தச் சூட்டில் என்ன மிஞ்சும்?

மார்ச் 3, புதன்
சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கவிழ்த்தேன். ஆவி பறந்தது. மச்சாள் வாசலில், பார்க்கவும் மாட்டார், உள்ளே போகவும் மாட்டார். விரலால் துழாவினேன். அடியில் கோப்பித்தூள்போலக் கறுப்பு மண். பிறகு புழு. பிறகு சிலுவை! நிறம் மாறி, முனை சுருண்டு, ஆனால் பின்னல் கழலவில்லை. கழுவிக் கொடுத்தேன். மச்சாள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தீரே பிலோ? எல்லாம் உக்கிப்போச்சு, இது மட்டும் அப்படியே. அவனுக்கு ஒண்டும் வராது."

"ஓம் மச்சாள்."

அதே இடத்தில் பழைய விளக்குமாற்று ஈர்க்குகளும் முழுசாய்க் கிடந்தன. ஓலையும் ஈர்க்கும் லேசில் உக்காது போலிருக்கிறது. மச்சாள் காணுமுன் அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். இவர் வந்தபிறகு இவரிடம் மட்டும் சொல்லவேண்டும்.